யானை யார் வீட்டுக்கு?

அத்தியாயம் 14

சமையல் மேடையில் யானை இல்லை.

கதவைத் திறந்து உள்ளே வந்த பெரியவள், தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே சமையலறைக்குத்தான் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே, மேடையின் மூலையில், நான்கு ரப்பர் கால்களின் அச்சு மட்டும் கறுப்பு வட்டங்களாகக் கிடந்தது. சுற்றியிருந்த கல்லெல்லாம் மங்கிப்போயிருக்க, அந்த ஒரு சதுரம் மட்டும் நேற்றுப் போட்டது போலப் பளபளத்தது.

யானை என்பது அம்மாவின் கேக் மாவு அடிக்கிற மெஷின். சாம்பல் நிறம், உருண்ட முதுகு. தலையைத் தூக்கிவிட்டால் தும்பிக்கையைத் தூக்கிய மாதிரியே இருக்கும். எடை பதினான்கு கிலோ. பெயர் வைத்தவள் சின்னவள், மூன்று வயதில்.

கல்யாணமான முதல் வருஷத்தில் அம்மா அதைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தாளாம். அப்போதே அதற்கு இருபது வயது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட நாற்பது வருஷம், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கெல்லாம் அதன் கிண்ணத்திலிருந்துதான் போயின. வேகத் திருகில் மூன்று என்ற எண் தேய்ந்து அழிந்தே போயிருக்கும், அம்மா அதற்கு மேல் வைத்ததுமில்லை, கீழே வைத்ததுமில்லை. பெரியவளின் இடது சுண்டுவிரலில் ஒரு தழும்பு உண்டு. ஏழு வயதில், ஓடுகிற துடுப்பிலிருந்து க்ரீமை வழித்து நக்கப்போய் வாங்கியது.

அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமும் அந்த மூலையை விட்டு அது ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அது இன்று இல்லை.

இத்தனைக்கும் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மகள்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்த அப்பா, சாப்பாடு முடிகிற நேரம் பார்த்து, வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார்.

"நூலகத்துல வேலை பார்க்கிறாங்களே, அந்த அம்மா. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அடுத்த மாசமே."

அறுபத்தெட்டு வயது மனிதர். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னவள் கையைக்கூடக் கழுவவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இனிமே எங்கிட்ட பேசாதீங்க" என்ற குரல் வாசலிலிருந்துதான் வந்தது. அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் வந்து நின்று, "சமையலறையைக் கொஞ்சம் மாத்தப்போறோம். அம்மா சாமான்ல உங்களுக்கு வேண்டியதை சனிக்கிழமைக்குள்ள எடுத்துக்கங்க" என்றார்.

"யானை?"

"அதை... அவங்க வச்சுக்கட்டுமேன்னு பார்த்தேன்."

அந்த ஒரு வாக்கியம் ஆறு நாளாகப் பெரியவளின் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இன்று காலைச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒரு கெட்டியான போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், யானையைச் சுற்றித் தூக்கிப்போக.

அப்பாவும் வீட்டில் இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் இந்த மனிதர் எங்கே போவார்? தங்கைக்குப் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. சின்னவள் பஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டால் உலகமே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள்.

பெரியவள் போர்வையை மேடையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

*

நூலகம் பத்து நிமிட நடை. கோபத்தில் நடந்ததால் ஆறே நிமிடம்.

நூலகத்து அம்மா, திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்து அலமாரியில் செருகிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். நரையை மறைக்காத தலை, குட்டையாக வெட்டிய முடி, முழங்கை வரை மடித்த சட்டைக்கை. மூக்குக்கண்ணாடி வலது பக்கம் சரிந்திருந்தது.

"எங்கம்மா மெஷினை எங்க வச்சிருக்கீங்க?"

நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகத்து அம்மா உதட்டில் விரல் வைத்தார். பழக்கதோஷம். உடனே எடுத்தும் விட்டார்.

"இப்படி வாம்மா. தோட்டக்கலை பக்கம் யாரும் வரமாட்டாங்க."

ஆகவே, பெரியவள் மனதுக்குள் ஆறு நாளாக உரத்த குரலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டை, ரோஜா வளர்ப்புக்கும் மண்புழு உரத்துக்கும் நடுவில், கிசுகிசுப்பில் நடந்தது.

"அது எங்கம்மாவோடது. உங்களுக்கு அது ஒரு சாமான். எங்களுக்கு அப்படி இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கிக்கிட்டீங்க?"

"வாங்கிக்கல. உங்கப்பா கொடுத்தார். வேண்டாம்னுட்டேன்."

"வேண்டாம்னீங்களா?" பெரியவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "ஏன், அதுக்கென்ன குறை?"

நூலகத்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு குறையும் இல்லம்மா. எங்கிட்ட ஒரு டோஸ்டர் இருக்கு. என் வீட்டுக்காரரோடது. அவர் போய் ஒன்பது வருஷமாச்சு. ரெண்டு பக்கமும் கதவு மாதிரித் திறக்கும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகவே வேகாது. அதை யாராவது, நான் பார்க்கிறப்போ, துணியால துடைச்சாக்கூட எனக்கு ஆகாது. அப்புறம் நான் எப்படி உங்கம்மாவோடதை எடுத்து மாவு அடிப்பேன்?"

மாட்டிக்கொண்ட நேரத்தில் பெரியவளின் கண் வேறெங்காவது போகும். இப்போது எதிரில் இருந்த மூக்குக்கண்ணாடிக்குப் போனது. இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை. கோணலான ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் ஆகாது.

"அதைக் கழட்டுங்க."

"எதை?"

"கண்ணாடியை. வலது காது ஸ்க்ரூ லூசு. எத்தனை நாளா இப்படிப் போட்டிருக்கீங்க? தலை வலிக்கலையா?"

பையிலிருந்து விரல் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இரண்டு திருகு திருகினாள். காம்பை லேசாக வளைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். நூலகத்து அம்மா போட்டுக்கொண்டார். நேராக உட்கார்ந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் லேசாக நனைந்திருந்ததைப் பெரியவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். சண்டைக்கு வந்த இடத்தில் இதெல்லாம் என்ன கண்றாவி என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்பா எங்க?" என்றாள்.

நூலகத்து அம்மா ஒரு கணம் தயங்கினார். "அதை அவரே சொல்லட்டும்மா."

பெரியவள் மேலே ஏதோ கேட்பதற்குள் அவள் போன் அதிர்ந்தது. சின்னவள்.

"அக்கா." எப்போதும் ஹாரன் மாதிரி ஒலிக்கிற குரல், இன்று கரகரத்தது. "யானை செத்துப்போச்சுக்கா."

*

சின்னவள் குடியிருப்பது மூன்றாம் மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பெரியவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தே கிடந்தது. சாப்பாட்டு மேஜையின் நடுவில் யானை. கிண்ணத்துக்குள் காய்ந்து இறுகின பிரெட் மாவு ஒரு பாறாங்கல் மாதிரி. அறை முழுக்கக் கருகின ரப்பர் வாசனை.

சின்னவள் தரையில், சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவளுக்கு டியூட்டி. பாதி யூனிஃபார்ம் போட்டிருந்தாள்.

"இதுலயா தூக்கிட்டு வந்த?"

"நேத்து மத்தியானம். அவர் வெளிய போற நேரம் பார்த்து. அங்க பக்கத்து வீட்டம்மா பார்த்துட்டு 'ஊருக்கா?'ன்னாங்க. ஆமான்னேன். 'எத்தனை நாள்?'னாங்க. தெரியலைன்னேன்." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "மூணு மாடி அக்கா. ஒவ்வொரு படியா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் அந்தம்மாகிட்டப் போய் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டுட்டு வரேன்."

"சொன்னா நீ எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேன்தான்! அம்மா எனக்குத்தான்னு சொன்னா. ஆஸ்பத்திரியில, என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கும்தான் சொன்னா. போன்ல. 'பெரியவகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவா'ன்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது, தங்கைக்கு முப்பத்தெட்டு. பொம்மைக்கு அடித்துக்கொண்டு பிடிபட்ட பிள்ளைகளின் திருட்டுமுழி இரண்டு பேர் முகத்திலும் இருந்தது.

"சரியான ஆளுதான் அம்மா" என்றாள் பெரியவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன பண்ணித் தொலைச்ச அதை?"

"காலையில எழுந்திருச்சப்போ அந்தச் சத்தம் கேக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான். சின்ன வயசுல அதைக் கேட்டுத்தானே எழுந்திருப்போம்? சுவத்துக்கு அந்தப் பக்கம் டர்ருன்னு. அது கேட்டா அம்மா எழுந்தாச்சுன்னு அர்த்தம்." சின்னவள் கையால் கண்ணைத் துடைத்தாள். "பிரெட் மாவு போட்டு சுவிட்சை அழுத்தினேன். உர்ருன்னு ஒரு முனகல். துடுப்பு சுத்தவே இல்ல. புகை வந்துச்சு. பிடுங்கிட்டேன்."

"கடையில கொடுக்கலாமா?"

"எவன் பார்ப்பான் இதை? 'புதுசு வாங்கிக்கங்கம்மா'ம்பான். அதுக்கு நான் அவனை அடிச்சிட்டு ஜெயிலுக்குப் போகணும்."

இதைத் திறந்து மூடத் தெரிந்த கை உலகத்தில் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அது தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

"நான் அவர்கிட்ட பேச மாட்டேன்" என்றாள் சின்னவள், கேட்காத கேள்விக்கு.

"நீ பேச வேணாம். வாயை மூடிக்கிட்டு உக்காந்திரு" என்று பெரியவள் போனை எடுத்தாள். இந்தத் தடவை அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

*

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வழக்கமாகப் படியேறி வந்ததும் வாசலில் நின்று, "ஊரெல்லாம் லிஃப்டு ரிப்பேர் பண்ணவன், சொந்தப் பொண்ணு வீட்டுக்குப் படியேறித்தான் வரணும்னு எழுதியிருக்கு" என்பார். இன்று அந்த ஜோக் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். தோளில் பழைய கருவிப்பை.

மேஜையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார்.

"அக்கா, டீ வேணுமான்னு கேளு" என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்து.

"பெரியவளே, வேணும்னு சொல்லு. சர்க்கரை கம்மியா."

"அதெல்லாம் தெரியும்னு சொல்லுக்கா."

சின்னவள் மாவுக் கிண்ணத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பா யானையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். முதுகு மூடியின் ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். "நாலு வருஷம் சும்மா நின்னிருக்கு. உள்ள கிரீஸ் இறுகிக் கல்லாப் போயிருக்கும். அதுல போய் பிரெட் மாவைப் போட்டா? கெட்டி மாவு! பாவம், தன்னால ஆனதை இழுத்துப் பார்த்திருக்கு. மோட்டார் போகலை, பயப்படாதே. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், மாத்தணும். எங்கிட்ட ஒரு ஜோடி இருக்கு."

"அம்மா இதை யாருக்குத் தரச் சொன்னாப்பா, உண்மையைச் சொல்லுங்க."

அப்பா ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "எங்கிட்ட சொன்னது வேற. 'ரெண்டு பேர்ல யாருக்கும் கொடுத்துடாதீங்க, அடிச்சுப்பாங்க'ன்னா."

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, பாதியில் அடங்கியது.

"அதுக்குத்தான் அந்தம்மாகிட்டக் கொடுக்கப் பார்த்தீங்களா?"

"யார் வீட்டுலயாவது அது ஓடணும்னு பார்த்தேன். நான் ஒருத்தன் அதை வச்சு என்ன பண்ணப்போறேன், முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்றதைத் தவிர?"

அப்போதுதான் பெரியவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். ஸ்க்ரூடிரைவரின் முனை ஆணித்தலையின் பள்ளத்தில் உட்காராமல் இரும்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு ஆணி வந்தது. இரண்டாவதும் வந்தது. கார்பன் பிரஷ்ஷின் பின்னால் இருந்த சின்ன ஸ்பிரிங்கை எடுக்கும்போது அது விரலிலிருந்து துள்ளித் தரையில் எங்கோ ஓடியது.

லிஃப்ட் பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்தவர் அப்பா. அந்தக் கை இப்போது மேஜை மேல், யாரோ கீழிருந்து அசைப்பது போல, தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவள் நிமிர்ந்தாள். அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம். இப்போது வேண்டாம்.

அவளும் தலையை ஆட்டினாள். குனிந்து, பெட்டிக்கடியில் கிடந்த ஸ்பிரிங்கைப் பொறுக்கினாள். பையிலிருந்து தன் இடுக்கியையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நகருங்கப்பா. சின்ன ஸ்க்ரூ எல்லாம் என் ஏரியா."

"பல்சக்கரத்துக்கு நடுவுல மஞ்சளா இருக்கு பாரு, அதான் பழைய கிரீஸ். சுரண்டி எடு. பல்லுல கீறிடாதே."

"கண்ணாடியில கீறாம இருபது வருஷம் வேலை பார்த்தவகிட்ட சொல்றீங்க."

"அது சரி" என்று அப்பா நாற்காலியில் சாய்ந்தார். கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

மெழுகு மாதிரி இறுகியிருந்த கிரீஸ் சுருள் சுருளாக வந்தது. அதற்குள் அகப்பட்டிருந்த மாவுத்தூள், ஒரு துணுக்கு நூல், எந்தக் காலத்துச் சர்க்கரையோ. பெரியவள் துடைத்தாள், புது கிரீஸைத் தடவினாள், பிரஷ்களை இடுக்கியால் உட்கார வைத்து மூடியைத் திருகினாள். பக்கத்தில் டீ வந்து ஆறிப்போனதையும், சின்னவள் ஓசைப்படாமல் எதிரில் வந்து நின்றதையும் அவள் கவனிக்கவில்லை.

"போடு" என்றார் அப்பா.

சுவிட்சை அழுத்தினாள். முதலில் ஒரு இருமல். பிறகு துடுப்பு மெல்லத் திரும்பியது, ஒரு சுற்று, அரைச் சுற்று, நின்றுவிடுமோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அப்புறம் வேகம் பிடித்து டர்ரென்று ஓடத் தொடங்கியது. மேஜை மேல் இருந்த கரண்டிகளெல்லாம் அதிர்ந்தன.

"மூணுல வைங்கப்பா!" என்று கத்தினாள் சின்னவள்.

கத்திய பிறகுதான், நேராக அவரிடமே பேசிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அப்பா திருகைத் திருப்பினார். முகத்தில் வந்ததை அவர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சின்னவள் விடுவிடுவென்று போய், கழுவின கிண்ணத்தைக் கொண்டுவந்து மாட்டி, வெண்ணெயும் சர்க்கரையும் கொட்டினாள்.

"கெட்டி மாவு வேணாம். முதல்ல இதைக் குடிக்கட்டும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "கீழ அந்த அம்மா எவ்வளவு நேரமா வெயில்ல நிக்கிறாங்க? யாராவது மேல வரச் சொல்லக்கூடாதா?" என்றாள்.

"கூப்பிடாம வரமாட்டேன்னாங்க" என்றார் அப்பா.

"நான் கூப்பிடறேன்னு சொல்லலை. அக்கா போய்க் கூப்பிடட்டும்னு சொல்றேன்."

*

நூலகத்து அம்மா தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். பெரியவளைக் கண்டதும் எழுந்தார். பெரியவள் எதிரில் போய் நின்றாள். கையில் கிரீஸ்.

"எத்தனை நாளா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு பதினோரு மாசமா இந்த நரம்பு வியாதி. உறுப்பினர் கார்டு புதுப்பிக்க வந்தார். பாரத்துல கையெழுத்துப் போட முடியலை. மூணு பாரம் கிழிச்சார். நாலாவதை நான் பிடிச்சுக்கிட்டேன். அப்படித்தான் பேச ஆரம்பிச்சோம்."

"இன்னைக்குக் காலையில?"

"டாக்டர்கிட்ட. மாசத்துல ஒரு சனிக்கிழமை. வழக்கமா நானும் போவேன். இன்னைக்கு லீவு கிடைக்கலை. நீ போனதும் கேட்டு வாங்கிக்கிட்டு ஓடினேன்."

"போன ஞாயித்துக்கிழமை எங்ககிட்ட..."

"கல்யாணச் சேதியைச் சொல்லிட்டு, அடுத்து அதைச் சொல்றதாத்தான் இருந்தார். ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தார், பாவம். முதல் பாதியிலேயே தங்கச்சி எழுந்து போயிட்டா."

பெரியவள் குட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாயெடுத்து மூடிக்கொண்ட அந்தக் கணம் கண்ணெதிரே வந்தது. அவள் பாத்திரம் கழுவப் போயிருக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, என்னப்பா என்று கேட்டிருக்கலாம்.

"அதனாலதான் இவ்வளவு அவசரமா கல்யாணம் பண்ணிக்கிறாரா? பார்த்துக்க ஆள் வேணும்னு?"

"அவரா?" நூலகத்து அம்மா தலையை ஆட்டினார். "அவர் வேண்டாம்னார்மா. 'கை ஆடுறவனைக் கட்டிக்கிட்டு நீ என்ன பண்ணப்போற, போய் உன் வேலையைப் பாரு'ன்னு மூணு தடவை என்னைத் திருப்பி அனுப்பினார். அவசரம் என்னோடது. நல்லா நடக்கிறப்போ, நல்லா சிரிக்கிறப்போ கூட இருக்கணும்னு எனக்கு."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. தினமும் இருக்கு. அதுக்காக வீட்டுல உக்காந்துட முடியுமா?"

பெரியவள் அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். இந்த ஆறு நாளும் அப்பாவின் வீட்டுக்குள் ஏதோ ஒன்றை எடுத்துப்போக வருகிறவளாகத்தான் இவரை நினைத்திருந்தாள். கிரீஸ் கையென்றும் பாராமல் நூலகத்து அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

"நல்லதாத்தான் சொல்லியிருக்கார். ஒரு புது சிகிச்சை. அவருக்குப் பொருந்தும்ங்கிறார். ஆனா அதுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து வரணுமாம், உக்காந்து ஒரு முடிவு எடுக்கணுமாம். அவர் உங்களைக் கேக்கத் தயங்கறார்."

"என்ன சிகிச்சை? யாருக்கு?"

குரல் மேலேயிருந்து வந்தது. படிவளைவில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் வெண்ணெய் ஒட்டின கரண்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கோ வடிந்துபோய், பள்ளிக்கூடத்து வாசலில் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளையைப் போல இருந்தாள்.

நூலகத்து அம்மா பெரியவளைப் பார்த்தார். "அவர் வாயால சொல்லணும்னு ரொம்ப ஆசைப்பட்டார்" என்றார் மெதுவாக.

சின்னவள் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று, எதிரில் இருந்தவரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பையைக் கொடுங்க. மூணு மாடி ஏறணும்."

நூலகத்து அம்மா பையைக் கொடுத்தார்.

"மேல வந்ததும் அவர் ஒண்ணு விடாம சொல்லணும்" என்றாள் சின்னவள். குரலில் ஹாரன் திரும்ப வந்துகொண்டிருந்தது. "அவர் எதையாவது மறைச்சா நீங்க எடுத்துச் சொல்லணும். எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி. அதுக்குள்ள நாம நாலு பேரும் முடிவு பண்ணணும்."

நாலு பேர் என்று அவள் எண்ணிச் சொன்னதை, படியேறத் தொடங்கிய மூன்று பேரும் கேட்டார்கள்.